பெத்துல் கடைசி

ஸ்ரீகரன் ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். ஒரு குவளை கோப்பி கலக்கினான். இரண்டு ரொட்டித் துண்டில் காயா ஜாம் தடவித் தின்றான். கதவருகே தொங்கிய இரண்டு தலைக்கவசங்களில் கறுப்பை எடுத்துக்கொண்டு, கெலுகோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். எட்டரைக்கு லெபோ பந்தாய்த் தெருவில் அலுவலகம். எட்டு மாதமாக இதில் எதுவும் மாறவில்லை.

அலுவலகம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் குத்தகைக்காரர்களுக்கு, எந்த வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று காட்டும் மென்பொருளை அவர்கள் விற்றார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட். அதனடியில் கோப்புகளை இணைக்கலாம். அங்கேதான் தொல்லை. கூரையின் வரைபடம், அனுமதிக் கடிதம், சுவர் வெடிப்பின் படம், யாரோ கைதவறிப் போட்ட பிறந்தநாள் கேக்கின் படம், எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். முதல் பத்துதான் கண்ணில் படும்.

இணைக்கும்போதே இது என்ன வகை என்று கேட்டு, அதனதன் பெட்டியில் போடும் ஆட்-ஆன் ஒன்றை ஸ்ரீகரன் கட்டிக்கொண்டிருந்தான். அதை முதலில் கேட்டவள் அவன் மனைவி ராகினி. அதே அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துப் பிழை சொல்வது அவள் வேலை. அலுவலகம் தன் சொந்த வேலைகளையும் அதே மென்பொருளில்தான் பதிந்தது; இது டிக்கெட் 212. "அப்புறம் பார்க்கலாம்" என்று மேலாளர் மோகனராஜ் அதை மூடிவிட்டார். அவள் இறந்து எட்டாம் மாதம் வாடிக்கையாளர்களே கேட்கவும், மறுபடி திறந்து இவனிடம் கொடுத்தார்.

"அண்ணே, எந்த வகையிலயும் சேராத ஃபைலை என்ன பண்றது?" பக்கத்து மேசையிலிருந்து குமுதா கேட்டாள்.

"லாயின்-லாயின்னு ஒரு பெட்டி வச்சிருக்கேன்" என்றான். மலாயில் அது 'மற்றவை'.

"ஆமா, ஃபோர்ம்ல இனம் கேட்டுட்டுக் கடைசியில போடுவானே, அது மாதிரி. எங்க சித்தப்பா சீனப் பொண்ணைக் கட்டினார். புள்ளைக்கு எதுல டிக் பண்றதுன்னு வீட்டுல ஒரு வாரம் சண்டை!"

அவன் சிரிக்கவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

ஆட்-ஆனை எதன்மேல் சோதிப்பது? 212இன்மேலேயே ஓட்டினான். எடுத்துக்காட்டுக்கென்று ராகினி அதில் இணைத்திருந்த நாற்பத்து மூன்று கோப்புகள் பிரிந்தன. படம் இருபத்தாறு. வரைபடம் ஒன்பது. கடிதம் ஐந்து. லாயின்-லாயின் மூன்று.

எந்த மூன்று? திறந்தான். மூன்றும் ஒலிக்கோப்புகள். குரலுக்கென்று பெட்டி வைக்க அவன் மறந்திருந்தான். கைப்பேசியில் தட்டச்சு செய்யப் பொறுமை இல்லாத ராகினி, பிழைகளைப் பேசியே அனுப்புவாள். முதல் கோப்பின் பெயர் 'கடைசி'. அடுத்தது 'கடைசி-2'. மூன்றாவது 'பெத்துல்-கடைசி'.

அது அலுவலக வழக்கம். முடிந்தது என்று நினைத்த கோப்பைத் திருத்த நேர்ந்தால், மலாயில் 'நிஜமாகவே' என்று பொருள்படும் பெத்துலை முன்னால் ஒட்டுவார்கள். மோகனராஜிடம் 'பெத்துல்-பெத்துல்-கடைசி' கூட உண்டு.

ஆனால் ராகினியின் மூன்றாவது கோப்பின் தேதி? அவன் கை நின்றது. அவள் இறந்த நாள். காலை 10.14.

இரண்டு நாள் தலைவலியோடு அன்று அவள் தன் தாயுடன், இவனுடைய மாமியுடன், மருத்துவமனைக்குப் போயிருந்தாள். வாடிக்கையாளர் சந்திப்பு இருந்ததால் இவன் போகவில்லை. போய்ச் சேர்ந்தபோது அவள் பேசும் நிலையில் இல்லை. கடைசியாக "முருகா" என்றாள் என்று மாமி துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். இவனுக்கு மட்டும் அது ஒட்டவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறும்போதுகூட "இன்னும் எத்தனை படி?" என்று கேட்பவள் அவள். நிஜமாக என்ன சொன்னாள்? தனக்கென்று ஏதாவது இருந்ததா? எட்டு மாதமாக உள்ளே கிடந்த கேள்வி அது. மாமியிடம் கேட்க வாய் வரவில்லை.

"என்னண்ணே, ஹேங் ஆயிடுச்சா?"

"ம்."

காதில் ஹெட்ஃபோனை மாட்டினான். ஐம்பத்தொரு நொடி. காத்திருப்போர் கூடத்தின் இரைச்சல். பின் ராகினி, கொஞ்சம் களைத்த குரலில், பெட்டிகள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் மாமி: "பிள்ளை, போனை வை. உன் நம்பர் வந்துட்டுது." கடைசி வரியில் அவன் பெயர் இருந்தது.

மூன்று தடவை கேட்டான். படிக்கட்டுக்குப் போய் மாமியை அழைத்தான்.

"மாமி, நம்பர் கூப்பிட்டதுக்கு அப்புறம் ராகினி ஏதும் சொன்னாவா?"

"எழும்பினா தம்பி. அப்படியே சாய்ஞ்சிட்டா. அதுக்கப்புறம் ஒன்னும் பேசல."

"முருகான்னு சொன்னதா..."

"அது நான் கத்தினது. சொல்லச் சொல்ல அவ சொன்னதாவே ஆயிட்டுது. அவ போன்ல ஏதோ ஆபீஸ் கதை பேசினா. செத்த வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அதை எப்படிச் சொல்றது?"

"பரவாயில்ல மாமி. அவ பேசினதை நான் கேட்டுட்டேன்."

மேசைக்குத் திரும்பினான். குரலுக்கு ஒரு பெட்டி கட்டினான். மூன்று கோப்புகளையும் அதில் வைத்தான். பிறகு லாயின்-லாயினை அழிக்கப் போனான்.

"ஐயோ, அதை ஏண்ணே எடுக்கறீங்க?" என்றாள் குமுதா. "கஸ்டமர் எங்க போடுவான்?"

"என்ன ஃபைல்னு யோசிச்சுப் போடட்டும்."

எதை நீக்கினாலும் காரணம் எழுதாமல் அந்த மென்பொருள் விடாது. வெற்றுக் கட்டத்தில் கோடு விட்டுவிட்டு மின்னியது. அவன் அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் தட்டினான்:

"ஸ்ரீ, லாயின்-லாயின் மட்டும் வைக்காத லா. எல்லாரும் சோம்பேறித்தனமா அதுலயே கொண்டு போய்க் கொட்டுவாங்க. நீயும்தான்."