கருடக்கண்ணனுக்கு ஒரு சம்மதம்

பழைய காமிக்ஸ் நாயகர் ஒருவரைப் புதிதாகத் திருத்தி வரைந்தால், அவரை வாசகர் வீடு வீடாக அழைத்துவந்து காட்டி, எல்லாரும் சரி என்று சொன்ன பிறகுதான் புத்தகம் அச்சுக்குப் போகும். எங்கள் ஊரில் இதுதான் வழக்கம். பெண் பார்ப்பது மாதிரிதான். என்ன, இங்கே நாயகர் நம் வீட்டுக்கு வருவார். நம் அடுப்படியிலேயே காபித் தட்டை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கூடத்துக்குப் போய் நிற்பார். வாசகர் பார்ப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கருடக்கண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் தனுஷ்கோடிக்குச் சின்ன வயதிலிருந்தே அவர் மேல் உயிர். கல்யாணமான புதிதில் என்னைப் பற்றிப் பேசியதைவிட அவரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். இவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிளாஸ்டிக் வாளிக் கடை வைத்திருக்கிறார். தொப்பை உண்டு, மீசைக்கு மை உண்டு. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. மனுஷன் தங்கம். காமிக்ஸ் விஷயத்தில் மட்டும் பிசாசு.

கம்பெனி ஆள் அரியநாயகம் வாசலிலேயே என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"மதினி, இதுதான் கடைசி வீடு. அண்ணாச்சி சரின்னுட்டா ஆளு பிழைச்சுக்கிடுவான். வேண்டாம்னு சொல்லிட்டா இன்னைக்கே ரப்பரை வச்சு அழிச்சிருவாங்க. கால்ல இருந்து ஆரம்பிப்பாங்க."

"அது ஏன் கால்ல இருந்து?"

"மூஞ்சியில ஆரம்பிச்சா வரைஞ்சவருக்கு மனசு கேக்காதாம்."

அவருக்குப் பின்னால் கருடக்கண்ணன் நின்றிருந்தார். மேலங்கி பழைய காலத்து வேஷம் என்று ஒரு வீட்டில் சொன்னதால் அதை வெட்டியிருந்தார்கள். மேலங்கி இல்லாமல் இவர் என்ன நாயகர் என்று அடுத்த வீட்டில் கேட்டதால் மறுபடி ஒட்டியிருந்தார்கள், இடது தோளில் மட்டும். ஒரு கண்ணில் முகமூடி இருந்தது, மறு கண் காற்றாட இருந்தது. ஜட்டியைப் பேண்டுக்கு மேலே போடுவதா உள்ளே போடுவதா என்ற சண்டை இன்னும் தீராததால், அதை ஒரு மஞ்சள் பையில் வைத்துக் கையிலேயே பிடித்திருந்தார்.

அவர் எங்கே நின்றாலும் அந்த இடம் மட்டும் இருட்டியது. இப்போது வருகிற நாயகர்களுக்கெல்லாம் கம்பெனியே இருட்டைக் கொடுத்தனுப்புகிறது. அடுப்படிக்குள் வந்ததும் எனக்குச் சீனி எது, உப்பு எது என்று தெரியவில்லை.

"கொஞ்சம் சன்னல் பக்கம் தள்ளி நில்லுப்பா," என்றேன். தள்ளி நின்றார்.

"அக்கா, நான் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல," என்றார். அந்தச் சொற்கள் ஒரு குமிழிக்குள் எழும்பிப் பரணில் போய் முட்டின. அண்ணாந்து படித்துவிட்டு இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாயில் ஒரு தோசை போனது.

"அண்ணன் என்ன கேப்பாருக்கா?"

"பறக்கத் தெரியுமான்னு கேப்பாரு."

"தெரியும். ஆனா பறந்தா எனக்குச் சோகம் வந்துரும். அப்படித்தான் வரைஞ்சிருக்காங்க."

"வந்தா வரட்டும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பற."

ஆளுக்கு ஒன்று சொல்லி அந்தப் பிள்ளையை இந்தக் கோலம் ஆக்கி வைத்திருக்கிறார்களே, பாவிகள்! இவனை அழிக்க விடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கூடத்தில் மின்விசிறியை நிறுத்தியிருந்தேன், குமிழிகள் கிழிந்துவிடும் என்று. தனுஷ்கோடி இஸ்திரி போட்ட சட்டையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கருடக்கண்ணன் தட்டை நீட்டினார். இவர் காபியை எடுத்தாரே தவிர ஆளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பறந்து காட்டச் சொல்லுங்க."

கருடக்கண்ணன் பரண் உயரத்துக்குப் பறந்தார். பறக்கும்போதே முகம் வாடியது. இரண்டு சொட்டுக் கண்ணீர் காராச்சேவுத் தட்டில் விழுந்தது.

"பாத்தீங்களா? எங்க கருடக்கண்ணன் அழவே மாட்டாரு. ஒரே குத்துதான். 'டமால்'னு எழுத்து வரும். அந்த எழுத்தே ஒரு ஆள் உசரம் இருக்கும்."

"இவனுக்கும் வரும் அண்ணாச்சி. தம்பி, ஒரு குத்து விடுப்பா," என்றார் அரியநாயகம்.

கருடக்கண்ணன் சுவரில் மெதுவாக ஒரு குத்து விட்டார். 'மன்னிக்கவும்' என்று பொடி எழுத்தில் உதிர்ந்தது. அதைக் கதவோரம் கூட்டித் தள்ளினேன்.

தனுஷ்கோடி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க, எனக்கு இவரை—"

"ஏங்க!" என்று பாய்ந்தேன். "சும்மா இருக்க மாட்டீங்களா? ஒரு உசிரு போற விஷயம். ஆள் மாறிட்டாரு, மாறிட்டாருன்னு குதிக்கிறீங்களே, நீங்க மட்டும் என்ன, அப்ப இருந்த மாதிரியேவா இருக்கீங்க?"

அந்தப் பேச்சை நான் பேசியிருக்கக் கூடாது. கருடக்கண்ணன் அப்போதுதான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்தார். முகமூடி போட்ட கண்ணாலும் பார்த்தார், போடாத கண்ணாலும் பார்த்தார்.

"எனக்கும் இவரைப் பிடிக்கணும்ல?" என்றார்.

"அது முறைதான்," என்றார் அரியநாயகம். "இதுவரைக்கும் எந்த நாயகரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்."

"என் வாசகர் தனுஷ்கோடி டவுசர் போட்டிருப்பாரு. புவியியல் புத்தகத்துக்குள்ள என்னை ஒளிச்சு வச்சுப் படிப்பாரு. நான் மலையில இருந்து விழுந்தா, அடுத்த பக்கம் புரட்டுற வரைக்கும் மூச்சு விட மாட்டாரு. இவர் யாரு? இந்தத் தொப்பையை யாரு வரைஞ்சது? கதைக்கு அது எதுக்கு? என் தனுஷ்கோடிய இப்படிக் கெடுத்து வச்சிருக்காங்களே. எனக்கு இவரைப் பிடிக்கல."

குமிழி பெரிதாகிக் கூடத்தை அடைத்துக்கொண்டது. இவர் அதைக் கடைசி எழுத்துவரை படித்தார்.

"நான் சரின்னு சொல்லிடறேன்," என்றார்.

"நீங்க சொல்லலாம். நான் இன்னும் சொல்லலையே," என்றார் கருடக்கண்ணன்.

அரியநாயகம் என் பக்கம் திரும்பினார். "பயப்படாதீங்க மதினி. வாசகரை நாங்க அழிக்கிறதில்ல, இருக்கிறதே கொஞ்சப் பேருதான். கூட்டிட்டுப் போயி திருத்தி வரைஞ்சு, வியாழக்கிழமை கொண்டாந்து விட்டுடறேன். அதுவரைக்கும் தம்பி இங்கேயே இருக்கட்டும்."

ஒரு பையில் இரண்டு சட்டையை வைத்தேன். சட்டையையும் அங்கேயே வரைந்துகொள்வார்கள் என்று அரியநாயகம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவர் ஆட்டோவில் ஏறி, "கடையைப் பாத்துக்க செண்பகம்," என்று மட்டும் சொன்னார். தெருமுனை திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருடக்கண்ணன் தொந்தரவில்லாத பிள்ளை. தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொள்வார். உச்சி வெயிலில் அவர் இருட்டு குளுகுளுவென்று இருக்கும். ஆனால் எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. சண்டை போடக்கூட ஆளில்லாத வீடு ஒரு வீடா? கடையில் வாளியைத் துடைத்து அடுக்கும்போதும் வீட்டுக்காரர் நினைப்பாகவே இருந்தது.

வியாழக்கிழமை ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து மூன்று தனுஷ்கோடிகள் இறங்கினார்கள்.

முதலாமவருக்குத் தலை நிறைய முடி, வயிறு ஒட்டிப்போயிருந்தது. இரண்டாமவர் கறுப்புச் சட்டை போட்டு, சிரிக்காமல் தூரத்தையே பார்த்தார். மூன்றாமவர் உடம்பெல்லாம் வெள்ளி மினுமினுத்தது, மேலே பிளாஸ்டிக் உறை.

"இப்பல்லாம் ஒரே புத்தகத்தை மூணு விதமான அட்டையிலதான் வெளியிடுறாங்க மதினி," என்றார் அரியநாயகம். "ஒண்ணு எடுத்துக்கிடலாம். ஆசைப்பட்டுச் சேர்த்து வைக்கிறவங்க மூணையும் வச்சுக்கிடுவாங்க."

மூவரும் கருடக்கண்ணனைப் பார்த்தார்கள். "சரி," என்றார்கள், ஒரே நேரத்தில்.

கருடக்கண்ணனும் மூவரையும் பார்த்தார். "எனக்கும் சரி," என்றார். மஞ்சள் பையோடு மேலே எழும்பிப் பறந்தார். அழவில்லை. பிழைத்துக்கொண்டான் பிள்ளை என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு 'சரி' போதுமாயிருந்தது, மூன்று கிடைத்துவிட்டது.

"பழையவர் எங்க?" என்று கேட்டேன்.

"அந்தப் பதிப்பு இனிமே வராது மதினி."

எனக்குப் பொங்கிவந்துவிட்டது. தெரு பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அழுதேன். "எனக்கு அவர்தான் வேணும். அந்தத் தொப்பையோட, அந்த மீசை மையோட, அப்படியே வேணும்."

"எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க," என்று அரியநாயகம் ஆட்டோவில் ஏறினார். "போகப் போகப் பழகிடும்."

மூவரும் படியேறிச் செருப்பைக் கழற்றினார்கள். ஆளுக்கொரு பக்கம், ஒன்று குப்புற ஒன்று மல்லாக்க, பழையவர் போடுகிற மாதிரியே பாதையை அடைத்துத்தான் போட்டார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அழுகை கொஞ்சம் மட்டுப்பட்டது. வெள்ளிக்காரர் மட்டும், உறையைக் கழற்றினால் மதிப்புப் போய்விடும், சாப்பாட்டை வெளியிலிருந்தே காட்டினால் போதும் என்றார். உள்ளே போய் உலையில் இன்னொரு ஆளுக்கு மட்டும் அரிசி கூடப் போட்டேன்.