கழுத்துத் துண்டு

"கத்தியக் குடுங்க சார். நானே வெட்றேன்."

அதை மட்டும் கேட்காதே என்று கல்லூரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். தோலை மருந்தில் போட்டுச் சுழற்றும் டிரம் பக்கம் போகாதே, பெண்களுக்கு லேப் போதும், மீறினால் அடுத்த வருஷம் நம் பெண்களையே தோல் பதனிடும் அந்த ஆம்பூர் டேனரி பயிற்சிக்கு எடுக்காது.

ஆறு வாரப் பயிற்சியில் ஷர்மிளா ஐந்து வாரம் வாயைத் திறக்கவில்லை. தோல் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். லேபில் உட்கார்ந்து, வகுப்புத் தோழன் பரணிதரன் கொண்டுவரும் முடிவுகளை ரெஜிஸ்டரில் எழுதினாள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. படிக்கவே லாயக்கில்லையோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

இன்றுதான் தற்செயலாகப் பார்த்தாள். பரணி சோதனைத் துண்டைத் தோலின் வயிற்றுப் பகுதியில் வெட்டிக்கொண்டிருந்தான். மெல்லிய இடம், கத்தி சுலபமாக இறங்கும். பதனிடும் குரோம் மருந்து கடைசியாக ஏறுவதோ தடித்த கழுத்தில். மருந்து முழுதாக ஏறாத தோல் கொதிநீரில் சுருங்கிவிடும்; அதுதான் சோதனை. ஐந்து வாரமாக அவள் எழுதிய 'பாஸ்' எல்லாமே வயிறு!

சூப்பர்வைசர் வாஹித் பாஷா சிரித்தார். "இன்னாம்மா பேஜார் பண்ற? லாரி வாசல்ல நிக்குது."

"உட்டுத்தள்ளு ஷர்மி, எல்லாம் பாஸ்தான்" என்றான் பரணி.

"வயித்துல வெட்டுனா நீகூட பாஸ்தான்டா."

டிரம்முக்குப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பாஷாவின் முகம் இறுகியது. "வெட்டு. சுருங்கலைன்னா உன் ட்ரெய்னிங் பேப்பர்ல கையெழுத்து கிடையாது. சம்மதமா?"

கையெழுத்து இல்லையென்றால் ஆறு வாரமும் வீண். பக்கத்து ஷூ கம்பெனியில் தைக்கும் அம்மா காலையில்கூடச் சொன்னாள், கம்முனு இருந்து வாங்கிட்டு வா என்று.

"சம்மதம்."

முதல் வெட்டு வழுக்கியது. இரண்டாவது இறங்கியது. வெட்டுமுகத்தில் ஓரமெல்லாம் மருந்தின் நீலம், நடுவே அது எட்டாமல் வெளுத்த ஒரு கோடு. புத்தகத்தில் நாலு தடவை படித்தும் பிடிபடாத படம், இப்போது கையில் இருந்தது. துண்டைக் கொதிநீரில் போட்டாள்.

ஒரு நிமிஷம். ஒன்றும் ஆகவில்லை. பரணி சீட்டியடித்தான்.

இரண்டாவது நிமிஷம் துண்டு அப்பளம்போல் சுருண்டது.

சீட்டி நின்றது. "டிரம்ம மூடுங்கப்பா, இன்னும் ஓடட்டும்" என்று கத்திய பாஷா, அவளைத் தனியே அழைத்தார். "நீ சொன்னது கரெக்ட்தாம்மா. ஆனா ரெஜிஸ்டர்ல பரணி துண்டையே எழுது. இல்லைன்னா அஞ்சு வாரமா லாரில போன மாலுக்கும் கேள்வி வரும். எழுது, இப்பவே கையெழுத்து போட்டுத் தர்றேன்."

அவர் கையில் பேனா தயாராக இருந்தது.

அவள் கத்தியைக் கழுவி ஆணியில் மாட்டினாள். ரெஜிஸ்டரைத் திறந்து எழுதினாள்: 'கழுத்து. சுருங்கியது. வெட்டியது ஷர்மிளா.' பிறகு பின்னோக்கிப் புரட்டி, தன் கையால் எழுதிய ஒவ்வொரு 'பாஸ்' பக்கத்திலும் 'வயிறு' என்று போட்டாள்.

"கையெழுத்து வேணாமா?"

"வேணாம் சார். வேற எடத்துல மறுபடி ஆறு வாரம் செய்றேன். டிரம்லதான். இத மேல ஆபீஸ்ல குடுத்துட்டுப் போறேன்."

"ஏய், நில்லு!"

ரெஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தாள்.