வைமோனா மழலைப்பள்ளிக்குச் சட்டம் வந்த கதை

ஃபெர்கஸ் போன் பண்ணியபோதே குரல் சரியில்லை. முந்நூறு பால்மாடு வைத்திருக்கிற மனுஷன், வெள்ளம் வந்து வேலி போனால்கூட நிதானமாகப் பேசுகிறவன். அன்றைக்கு மூச்சு வாங்கியது.

"நோலீன், நீங்க உடனே கிளம்பி வரணும். நைரீ வேலைய விடறாங்களாம்."

"எந்த நைரீ? மழலைப்பள்ளி நைரீயா?"

"நம்ம ஊர்ல என்ன பத்து நைரீயா இருக்காங்க? அவங்கதான். வெள்ளிக்கிழமையோட சரியாம். எல்லாம் உங்க சட்டத்தாலதான்."

"என் சட்டமா? நான் என்ன நாடாளுமன்றமா நடத்தறேன்?"

"நீங்கதானே ஊர் ஊராப் போயி அதப் பத்திப் பேசறீங்க?"

அது உண்மைதான். அந்த ஏப்ரலில் வேலையிடப் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வந்தது. பள்ளிக்கூடங்களும் மழலைப்பள்ளிகளும் ஆடிப்போய்விட்டன. போய்ப் புரியவையுங்கள் என்று என்னைப் போல நாலைந்து பேரை அனுப்பினார்கள். அதற்கு முன்னால் நான் ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் தொழிலாளர் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அங்கே கத்தி, ரம்பம், வழுக்குகிற தரை. இங்கே களிமண்ணும் கலர் பெயின்ட்டும். பயம் என்னவோ இங்கேதான் அதிகம்.

ஃபெர்கஸ் பெற்றோர் குழுவின் தலைவன். அவனுடைய இரட்டைப் பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள். நைரீ போனால் வைமோனாவுக்கு வேறு தலைமை ஆசிரியை வரமாட்டாள். நாட்டின் தென்கோடியில், குளிர்காற்று எலும்பைக் கடிக்கிற ஊருக்கு யார் வருவார்கள்? தகுதியுள்ள ஆள் இல்லையென்றால் மழலைப்பள்ளியை மூடிவிடுவார்கள். அது அவன் கவலை. என் கவலை வேறு. நைரீ என் கூட்டாளி. சின்ன வயதில் ஒரே அணியில் நெட்பால் ஆடியவர்கள் நாங்கள். வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வாள்? கூண்டில் அடைத்த மாதிரி ஆகிவிடும். வண்டியை எடுத்தேன்.

உள்ளே நுழைந்தவுடன் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வால்நட் மரத்தைச் சுற்றி ஆரஞ்சு நாடா. மணல்குழியைச் சுற்றி ஆரஞ்சு நாடா. சேற்றுக்குழிக்குப் பூட்டே போட்டிருந்தார்கள். சேற்றுக்குப் பூட்டு போட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிள்ளைகள் எல்லாரும் முழங்கால் வரை தொங்குகிற பளிச்சென்ற மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்கள். ரோடு போட வந்த குள்ளர் கூட்டம் என்றே நினைத்திருப்பீர்கள். தச்சு மேசையில் ஹெல்மெட் போட்ட இரண்டு பிள்ளைகள் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். எதில் என்கிறீர்கள்? பிசைந்த மாவில். சுத்தியல்களின் தலையில் ஆட்டுத்தோலைச் சுற்றி நூல் கட்டியிருந்தாள் நைரீ, புண்ணியவதி.

"ஏண்டி, சுத்தியலுக்குக் குளிருதா?" என்று கேட்டேன்.

பழைய நைரீயாக இருந்தால் கூரை அதிரச் சிரித்திருப்பாள். அன்று உதட்டை இறுக்கிக்கொண்டு, "கிண்டல் பண்ணாத நோலீன். உள்ள வா, டீ போடறேன்," என்றாள்.

டீயை ஹூயா கொண்டுவந்தாள். ஹூயா அங்கே வேலை பார்க்கிற இன்னொரு ஆசிரியை. இருபத்தைந்து வயது இருக்கும், வாய் கொஞ்சம் நீளம். சுடச்சுட சீஸ் ரோலும் வைத்தாள்.

"சாப்பிடுங்க. கொஞ்சம் ஆற விடுங்க. சூடான சீஸும் ஆபத்துப் பட்டியல்ல இருக்கு," என்று கண்ணடித்தாள்.

"யாரு இவளுக்கு இந்தக் கிறுக்க ஏத்தினது?" என்று கேட்டேன்.

"பாதுகாப்பு ஆலோசகன்னு ஒரு ஆளு வந்தான். கோட்டு சூட்டு, பல்லெல்லாம் வெள்ளையா. ஒரு தடிக் கோப்ப நம்ம தலைல கட்டிட்டுப் போயிட்டான்."

நைரீ நடுவில் புகுந்தாள். "அவன் சொன்னது பொய்யா? ஒரு பிள்ள மரத்துல இருந்து விழுந்தா எனக்கு ஜெயிலாம். வீட்ட வித்தாலும் கட்ட முடியாத அபராதமாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி! தெரிஞ்சே ஆளச் சாக விடற முதலாளிக்கு இருக்கற தண்டனைய உனக்குப் படிச்சுக் காட்டியிருக்கான். கைய அறுக்கற மெஷினுக்குக் காவல்தட்டு போடாம ஆள நிறுத்தறான் பாரு, அவனுக்குடி அது. மரம் ஏறற பிள்ளைக்கு முட்டி தேயும். தேயட்டும். சட்டம் அதப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. நீ என்னடான்னா சேத்துக்குப் பூட்டு போடறே."

"முடிச்சிட்டியா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"நீ எவ்வளவு பேசினாலும் சரி. நான் வெள்ளிக்கிழமை போறேன். சனிக்கிழமை பெத்தவங்க எல்லாம் வேலை செய்ய வராங்க, அன்னிக்கு ஃபெர்கஸ் மரத்த அறுத்துடுவான். வர்றவளுக்காவது தலைவலி இருக்காது."

கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்ததும் பிள்ளைகளின் நாற்காலியில், முழங்கால் நெஞ்சைத் தொட. அங்கே வேறு நாற்காலியே கிடையாது. மழலைப்பள்ளி ஆசிரியைகள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. எனக்கு அதிலே ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாலே இடுப்பு பேசும். நான் நின்றுகொண்டே டீ குடித்தேன்.

நியாயம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. பயந்தவளிடம் சட்டப்பிரிவைச் சொன்னால் பயம் இன்னும் கூடும். வேறு வழியாகப் போனேன்.

"சரி, போ. போறதுக்கு முன்னாடி ஒரு காரியம் மட்டும் பண்ணுவோம். இடத்துல இருக்கறவங்களக் கேளுன்னு சட்டம் சொல்லுது. எது ஆபத்துன்னு அங்கயே புழங்கறவனுக்குத்தான் தெரியும். நீ யாரையாவது கேட்டியா?"

"யாரக் கேக்க? ஹூயாவையா? அவ எல்லாத்துக்கும் சிரிப்பா."

"அதோ மஞ்சக் கோட்டு போட்டு இருக்காங்களே, அவங்களக் கேப்போம்."

பாயில் எல்லாரையும் உட்கார வைத்தோம். ஃபெர்கஸும் அந்த நேரம் பார்த்து இரட்டையர்களை அழைத்துப்போக வந்து, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டைச் சாக்ஸோடு வாசலில் நின்றான்.

"பிள்ளைங்களா, இங்க யாருக்கு எதுனால அடிபடும்? சொல்லுங்க பாப்போம்," என்றேன்.

கைகள் படபடவென்று எழுந்தன.

"மேக்பை பறவ தலையில கொத்தும்!"

"பக்கத்து வீட்டு ஆடு என் தொப்பியத் தின்னுடுச்சு!"

"லாக்கி கடிப்பான்!"

"ஆமா, நான் கடிப்பேன்," என்றான் லாக்கி, பெருமையாக.

"ஃபெர்கஸோட வண்டி! பின்னாடி பாக்காமலே ரிவர்ஸ் எடுப்பாரு!"

வாசலில் நின்றவன் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "நானா? நான் கண்ணாடில பாப்பேன்," என்று முனகினான்.

"கண்ணாடில நாய்தான் தெரியும்ப்பா," என்று அவன் மகளே போட்டுடைத்தாள்.

எனக்கு மனசு குளிர்ந்துபோனது. மரம், சேறு, சுத்தியல் என்று ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. நிஜமான ஆபத்து வாசலிலே வண்டி வடிவத்தில் நிற்கிறது, யாரும் அதற்கு நாடா கட்டவில்லை. "பாத்தியா?" என்று நைரீயைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மைசி கையைத் தூக்கினாள். நாலு வயசு, மூக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும், சத்தமாகப் பேசவே மாட்டாள்.

"நைரீ உடஞ்சிட்டா," என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"படம் மாட்டறப்ப. நாற்காலி மேல ஏறினா. நாற்காலி போயிடுச்சு. நைரீ மேசைல விழுந்தா. அய்யோன்னு கத்தினா. அப்புறம் என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாதடா கண்ணுன்னா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் இப்ப சொல்லிட்டேன்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். சுவருக்குச் சுவர் கட்டிய கம்பியில் பிள்ளைகள் வரைந்த படங்கள் கிளிப்பில் தொங்கின. இந்த நாட்டில் எந்த மழலைப்பள்ளியிலும் இருக்கிற கம்பிதான். அதில் தினமும் படம் மாட்ட நைரீ ஏறுவது அந்தக் குட்டி நாற்காலி மேல். நானும் எத்தனையோ இடத்தில் அந்தக் கம்பிக்குக் கீழே நின்று சட்டம் பேசியிருக்கிறேன்.

"ஹூயா, பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போ," என்றேன். அவள் கூட்டிப்போனாள். லாக்கி மட்டும் மேசைக்கு அடியில் இருந்தான், நான் கவனிக்கவில்லை.

"எங்கடி அடி?"

"ஒண்ணும் இல்ல."

"நைரீ."

"விலா. இடது பக்கம். சிரிச்சா வலிக்குது. அதான் சிரிக்கறதில்ல. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்."

"எப்ப?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"ரெண்டு வாரமா? டாக்டர்கிட்ட போனியா?"

"போனா எப்படி ஆச்சுன்னு கேப்பாரு. சொன்னா எழுதுவாரு. எழுதினா இந்த இடத்துக்குக் கெட்ட பேரு, அபராதம்." அவள் குரல் ஒடுங்கிவிட்டது. "அந்தக் கோப்புல முதல் விதி என்ன தெரியுமா? எது ஆபத்துன்னு பாரு, அத அங்கிருந்து அகற்று. நான் ஒழுங்கா பாத்தேன் நோலீன். மரத்தப் பாத்தேன். சுத்தியலப் பாத்தேன். சேத்தப் பாத்தேன். எல்லாத்தையும் கட்டிப் போட்டேன். அப்புறம் யோசிச்சா, இந்த வருஷம் பூராவும் இங்க விழுந்த ஒரே ஆளு நான்தான். கால் வழுக்கற கிழவி. நாளைக்கு ஒரு பிள்ள மேல விழுந்தேன்னா? அதான், என்னை அகற்றிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

நான் கத்தியேவிட்டேன்.

"முட்டாள்! அகற்ற வேண்டியது நாற்காலிய. அந்தக் கம்பிய. உன்ன இல்ல! யாருக்காகடி இந்தச் சட்டம் வந்துச்சுன்னு நெனச்சே?"

"பிள்ளைங்களுக்காக."

"பிள்ளைங்களுக்கும்தான். ஆனா இது வேலை செய்யறவங்களுக்கான சட்டம். காலைல வேலைக்கு வந்த மனுஷி சாயங்காலம் முழுசா வீடு போய்ச் சேரணும், அவ்வளவுதான் அதுல இருக்கு. இங்க யாரு வேலை செய்யறா? நீயா, லாக்கியா?"

"நான்தான் செய்யறேன்," என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"நீ வாய மூடு ராசா," என்றேன்.

நைரீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், கணக்குப் பாடத்தில் விடை புரியாத பிள்ளையின் முகம் அது. ஊரில் பாதிப் பேரின் மூக்கைத் துடைத்துவிட்டவள். முட்டிக்கு மருந்து போட்டவள். அடிபட்டால் பார்க்க வேண்டிய ஆள் தான் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தனக்கும் அடிபடக்கூடாது என்று எங்கேயோ யாரோ நினைத்திருப்பார்கள் என்பது அவள் தலையில் ஒருநாளும் ஏறியதில்லை.

"எனக்கா?" என்றாள்.

"உனக்குத்தான்."

"எனக்காகவா இவ்வளவு பெரிய சட்டம் போட்டாங்க?"

அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இறைச்சித் தொழிற்சாலையில் விரல் போனவனைப் பார்த்து அழாதவள், அந்தப் பெயின்ட் நாற்றத்துக்கு நடுவில் நின்று அழுதேன். அவளும் அழுதாள். அழுதால் விலா வலித்தது. வலித்ததில் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இன்னும் வலித்து, "அய்யோ, சிரிக்க வெக்காதடி, செத்துடுவேன்," என்று பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் ஃபெர்கஸ் ஓட்டைச் சாக்ஸோடு அப்படியே நின்றிருந்தான். கம்பியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"ஒரு கப்பியும் கயிறும் போட்டா கம்பி கீழ இறங்கி வரும். நின்ன இடத்துலயே மாட்டிட்டு மேல இழுத்துக்கலாம். அரை மணி நேர வேலை. சனிக்கிழமை போட்டுடறேன்." பிறகு தயங்கி, "வண்டிய இனிமே ரோட்டுலயே நிறுத்தறேன். அப்ப... வெள்ளிக்கிழமை?" என்றான்.

"வெள்ளிக்கிழமை என்ன வெள்ளிக்கிழமை, இப்பவே டாக்டர்கிட்ட போறா," என்றேன் நான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. நைரீயைத்தான் பார்த்தான். "கேக்கறது அது இல்ல. திரும்பி வருவீங்களா?"

நைரீ மூக்கை உறிஞ்சினாள். "விலா ஒட்டற வரைக்கும் லீவு. அதுவரைக்கும் ஹூயாவுக்குத் துணையா பக்கத்து ஊர்ல இருந்து ஒரு ஆளக் கேட்டு வாங்கு. அப்புறம் வருவேன். அதுக்குள்ள எவனாவது மரத்துல ரம்பத்த வெச்சான்னா, அவன் காத நானே திருகுவேன்."

ஃபெர்கஸ் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான், பனியில் கண் எரிகிறது என்றான். உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

நைரீ எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. இத்தனை நாள் யாரும் பார்க்காதபோது மேசையைப் பிடித்து, பல்லைக் கடித்து எழுந்திருக்கிறாள். இப்போதும் கை மேசையைத் தேடிப் போனது. பாதியில் நின்றது. அதை எடுத்து என் பக்கம் நீட்டினாள். வாசலில் எட்டிப் பார்த்த ஹூயா ஓடிவந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாத் தூக்குங்கடி," என்றாள் நைரீ. "வேலை செய்யற ஆளு நான்."