கிளெண்டா எழுதாத வரிகள்

காலையில் அலுவலகத்தைத் திறந்து கெட்டிலைப் போட்டதும் கிளெண்டா பார்க்கின் செய்யும் முதல் வேலை, தன் எம்.பி. இன்றைக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதுதான்.

மார்ஷ்விக் தொகுதியின் எம்.பி. ஹ்யூகோ பெல்லமி. லண்டனில் அவர் எப்படி வாக்களித்தார், ஏன் அப்படி வாக்களித்தார் என்று ஊர்க்காரர்கள் போன் போட்டுக் கேட்டால் பதில் சொல்வது அவள் பொறுப்பு. முன்பெல்லாம் அது பெரிய வேலையாக இருந்ததில்லை. சாக்கடை அடைப்பு, ஓய்வூதியம், பக்கத்து வீட்டு நாய் என்றுதான் போன் வரும். 2019 பிறந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிவதற்காகப் பிரதமர் கொண்டுவந்த ஒப்பந்தத்தை ஜனவரியில் பெல்லமி துரோகம் என்றார். மார்ச்சில் அதே ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். மே மாதம் பிரதமர் குரல் உடைந்து பதவி விலகியபோது, "நான் அன்றைக்கே சொன்னேன்" என்று அறிக்கை விட்டார். என்றைக்கு, என்ன சொன்னார் என்பதைப் பழைய பேட்டிகளில் கிளெண்டாதான் தேடி எடுக்க வேண்டியிருந்தது. காலையில் ஒரு அமைச்சர் ராஜினாமா செய்வார். மத்தியானம் இன்னொருவர் யாரோடோ ஓட்டல் வாசலில் நிற்கும் படம் வரும். சாயங்காலத்துக்குள் இரண்டுமே பழைய செய்தியாகிவிடும்.

"ஏம்மா, உங்காளு நேத்து ஓட்டுப் போட்டது வேணும்னா, வேணாம்னா?" என்பார் போனில் ஒரு பெரியவர்.

"வேணாம்ங்கற தீர்மானம் வேணாம்னு போட்டாருங்க."

"அப்ப வேணும்ங்கறாரா?"

"சாயந்திரம் மறுபடி ஓட்டு இருக்கு. முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்."

சிலர் சிரிப்பார்கள். பலர் திட்டுவார்கள். காது கூசுகிற வசவெல்லாம் அவளுக்குத்தான் வந்து விழும். அவள் பொறுத்துக்கொண்டாள். 2016 வாக்கெடுப்பில், பிரிந்து போவதற்கு ஓட்டுப் போட்டவள் அவள். மீன் பதனிடும் ஆலை மூடினபோது ஒருத்தரும் எட்டிப் பார்க்காத ஊர் அது. பெல்லமிதான் முதன்முதலில் வந்து, "உங்க கோவம் நியாயம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு எத்தனை கப் டீ வேண்டுமானாலும் போடுவாள்.

"அவன் ஒரு பச்சோந்தி" என்பார் அவள் கணவர் கீத், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது பாராளுமன்ற நேரலைதான் அவருக்கு முழுநேர வேலை.

"பச்சோந்தியோ என்னவோ, நம்ம பச்சோந்தி" என்பாள் கிளெண்டா.

அவர்கள் மகன் கிரெய்க், ஊருக்கு வெளியே இருக்கும் காய்கறி பேக்கிங் கூடத்தில் மெக்கானிக். மருமகள் ரசாவுக்குச் சொந்த ஊர் லித்துவேனியாவில் கவுனாஸ். முட்டைக்கோஸ் வெட்டக் கூலியாக வந்தவள், இப்போது அதே கூடத்தில் சூப்பர்வைசர். சின்ன வயதிலேயே தாயை இழந்தவள். கல்யாணமான மறுநாளிலிருந்து கிளெண்டாவை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். நாலு வயதுப் பேத்தி உக்னே, ஞாயிறு தவறாமல் பாட்டி வீட்டில்தான் சாப்பிடுவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டிறைச்சி ரோஸ்ட்டுக்கு நடுவில் ரசா சொன்னாள்: "அம்மா, என்னை நாடு கடத்தறதுக்கு முன்னாடி அந்தக் கிரேவியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். "போடி, உன்னை யாரு போகச் சொன்னா? உன்னை நினைச்சா நான் ஓட்டுப் போட்டேன்?" என்றாள் கிளெண்டா.

"பின்ன யாரை நினைச்சுப் போட்டீங்க?"

ரசா விளையாட்டாகத்தான் கேட்டாள். கிளெண்டா கிரேவியை நகர்த்தி வைத்தாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் அரசு ஒரு பெரிய வாக்கெடுப்பில் தோற்றது. சொந்தக் கட்சிக்காரர்களே எதிராக வாக்களித்தார்கள். அத்தனை பேரையும் அன்றைக்கே கட்சியை விட்டுத் தூக்கினார்கள். மறுநாள் காலை கிளெண்டா அலுவலகத்துக்குள் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. பெல்லமியின் அதிகாரபூர்வ முகநூல் பக்கத்தில், தோற்ற ஆத்திரத்தில் அவர் எழுதிய பதிவு ஒன்று இருந்தது:

"முட்டைக்கோஸ் வெட்ட வந்தவர்கள் வெட்டி முடித்துவிட்டார்கள். இனி மூட்டை கட்டலாம். மார்ஷ்விக் தெருக்களில் மறுபடியும் நம் மொழி கேட்கட்டும்."

அவள் படித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள். பத்து மணிக்கெல்லாம் பெல்லமியே வந்துவிட்டார். முந்தின நாள் சட்டை. கண்ணெல்லாம் சிவப்பு.

"கிளெண்டா, கொறடா கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். சாயந்திரத்துக்குள்ள ஒரு விளக்கம் வேணுமாம். இல்லேன்னா என்னையும் தூக்கிடுவாங்க."

"மன்னிப்பு கேட்டுடுங்க சார்."

"நான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டா அது தேசியச் செய்தி." அவர் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவள் மேஜைக்கு இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. "ஆபீஸ்ல யாரோ கோவத்துல எழுதிட்டாங்கன்னா, ஒரு வாரச் சத்தம். அடுத்த வாரம் வேற ஒருத்தன் வேற எதையாவது பண்ணி மாட்டுவான். நாடு இருக்கற வேகத்துக்கு யார் ஞாபகம் வெச்சுக்கப் போறாங்க?"

ஆபீஸில் அந்த யாரோ அவள் ஒருத்திதான்.

"சார், என் மருமக லித்துவேனியாக்காரி."

"அதனாலதான் சொல்றேன். உங்களை யாரும் இனவெறி பிடிச்சவங்கன்னு சொல்ல முடியாது பாருங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "என்னைத் தூக்கிட்டா நம்ம பக்கம் ஒரு ஓட்டுக் குறையும். ஒவ்வொரு ஓட்டா எண்ணிட்டிருக்காங்க அங்க. இத்தனை நாள் இந்தப் போன்ல நீங்க வாங்கின திட்டெல்லாம் வீணாப் போயிடும், கிளெண்டா. நீங்க இல்லாம நான் இல்லே. அது எனக்குத் தெரியும்."

அதை அவர் அதுவரை சொன்னதே இல்லை. கிளெண்டா எழுந்துபோய் கெட்டிலைப் போட்டாள். தண்ணீர் கொதிக்கிற வரை சுவரைப் பார்த்து நின்றாள். திரும்பி வந்து, "வீட்டுல மட்டும் உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள். சீக்கிரமே தேர்தல் வரும், அது முடியட்டும் என்றார் அவர். பேக்கிங் கூடத்தில் ஒரு ரகசியமும் தங்காது என்றார். அவள் தலையாட்டினாள்.

மத்தியானம் அறிக்கை வந்தது. ஊழியர் ஒருவர் அனுமதியில்லாமல் எழுதிய பதிவு அது, மிகவும் வருந்துகிறேன், அந்த ஊழியர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டார் என்று இருந்தது. நிறுத்தப்பட்டதை கிளெண்டா அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். மாலையில் உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர் கேலம் ரஷ், அவள் பெயரையே போட்டு எழுதிவிட்டான். கட்சியின் லண்டன் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் இறைச்சிக் கடையில் வரிசையில் நின்றபோது ஒருவர் அவள் தோளில் தட்டினார். "சபாஷ் கிளெண்டா! எங்க மனசுல இருந்ததை அப்படியே போட்டு உடைச்சுட்டே." கடைக்காரர் அவள் பொட்டலத்தில் இரண்டு சாசேஜ் கூடுதலாக வைத்தார், காசு வேண்டாம் என்று கண்ணடித்தார். அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல, என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை.

கிரெய்க் தனியாக வந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீயா எழுதினே?"

கீத் தொலைக்காட்சியைவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கிளெண்டா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கறேன்ல? நீயா?"

"ஆமா."

"ரசா லாக்கர்ல அதை அச்சடிச்சு ஒட்டியிருக்கானுங்க. கீழ 'உன் மாமியாரே சொல்லிட்டா'ன்னு எழுதியிருக்கானுங்க. அவ அதைக் கிழிக்கக்கூட இல்லேம்மா. அது தொங்கிட்டிருக்கிற கதவைத் திறந்து ஏப்ரனை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனா."

"கிரெய்க்..."

"ஞாயித்துக்கிழமை வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெல்லமி சொன்னது பலித்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாராளுமன்றத்தையே இழுத்து மூடினார்கள். பிறகு, மூடியது சட்டப்படி செல்லாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். மறுபடி திறந்தார்கள். பிரதமரைப் பற்றி ஒரு விவகாரம், எதிர்க்கட்சியில் ஒரு விவகாரம். கீத் ராப்பகலாக எல்லாவற்றையும் பார்த்தார். கிளெண்டாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தன் பெயர் எங்கேயாவது வருமோ என்று முதலில் பயந்தாள். எங்கேயும் வரவில்லை. நாடு அவளைச் சுத்தமாக மறந்துவிட்டது. தெருக்கோடியில் இருந்த மகன் வீடு மட்டும் மறக்கவில்லை.

நவம்பரில் கிரெய்க் குடும்பம் கவுனாஸுக்குக் கிளம்பியது. ரசாவின் அண்ணன் அங்கே ஒரு தொழிற்சாலையில் கிரெய்க்குக்கு வேலை பார்த்துக் கொடுத்திருந்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், கூப்பிடாமலே கிளெண்டா அவர்கள் வீட்டுக்குப் போனாள். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். கிரெய்க் உக்னேயைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தான். ரசா மண்டியிட்டு ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, மிஸஸ் பார்க்கின்."

கிளெண்டா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பெல்லமிக்குக் கொடுத்த வாக்கெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை.

"ரசா, அதை நான் எழுதலே. அவர் எழுதினது."

ரசா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும்."

"தெரியுமா? யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். உங்களை எனக்குத் தெரியாதா? உங்களுக்கு அப்படி எழுத வராது. அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கலே?"

"எதுக்குக் கேக்கணும்?" ரசா எழுந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் கிளெண்டாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நீங்க கோவத்துல எழுதியிருந்தா உங்க வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஒரு மாசத்துல சரியாப் போயிருக்கும். உங்களுக்கு என்மேல கோவமே இல்லே. ஒருத்தர் வந்து கேட்டார், எடுத்துக் குடுத்துட்டீங்க. டீ போட்டுக் குடுக்கற மாதிரி."

"நான் அப்படி நினைக்கலேடி."

"நினைக்கலே. அதைத்தான் சொல்றேன்."

உக்னேக்கென்று பின்னிய ஸ்வெட்டரை கிளெண்டா பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ரசா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். மூடிய பெட்டியைத் திறந்து உள்ளே வைக்காமல், ஸ்வெட்டரை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள்.

அவர்கள் போன பிறகு கிளெண்டா கீத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். "பேப்பர்காரனுக்குச் சொல்லு" என்றார் அவர். அவள் போன் போட்டாள். கேலம் ரஷ் மரியாதையாகத்தான் பேசினான்.

"எந்தப் பதிவுங்க?"

"முட்டைக்கோஸ் பதிவு. என் பேரைப் போட்டு நீதானே எழுதினே!"

"ஓ... அது செப்டம்பர்ல நடந்தது இல்லீங்களா?" கீபோர்டில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. "உண்மையாவே இருக்கலாம்மா. நான் இல்லேங்கலே. ஆனா இப்ப தேர்தல் நேரம். நீங்க வேலை போன ஆளு. பழிவாங்கறீங்கன்னு அவர் சொல்லுவார். எடிட்டர் கையாலகூடத் தொடமாட்டார். அதுவும் போக, யாருக்கும் ஞாபகம் இல்லீங்க."

"எனக்கு ஞாபகம் இருக்கு."

"புரியுதுங்க" என்றான் அவன். இன்னொரு போன் வந்துவிட்டது, வைத்துவிட்டான்.

டிசம்பரில் மழைக்கு நடுவே தேர்தல் நடந்தது. பெல்லமி முன்பைவிடப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். வெற்றி உரையில், இந்த மண்ணைத் தங்கள் ஊராக்கிக்கொண்ட கிழக்கு ஐரோப்பியச் சகோதரர்களுக்குத் தன் இதயத்தில் எப்போதும் இடம் உண்டு என்றார். கூட்டம் கை தட்டியது. இறைச்சிக் கடைக்காரரும் தட்டியதை கிளெண்டா தொலைக்காட்சியில் பார்த்தாள்.

சில நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"கிளெண்டா! ஹ்யூகோ பேசறேன். எப்படி இருக்கீங்க? ஆபீஸ் உங்க கை இல்லாம நாறிப் போச்சு. புதுசா வந்த பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலே. திங்கக்கிழமை வந்துடறீங்களா?"

கத்தியைக் கீழே வைத்தாள். "சார், அந்தப் பதிவு..."

"எந்தப் பதிவு?"

"முட்டைக்கோஸ் பதிவு."

மறுமுனையில் அவர் யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. நடிப்பு இல்லை. அவர் குரலை ஒவ்வொரு காலையும் கேட்டுக் கேட்டு, அவர் எப்போது நடிக்கிறார் என்று அவளுக்கு அத்துப்படி.

"அட, அதுவா!" அவர் சிரித்தார். நல்ல மனதோடு சிரிக்கிற சிரிப்பு. "அதையா இன்னும் மனசுல வெச்சிருக்கீங்க? கோவத்துல யாரும் எழுதறதுதானே. நான் அதை எப்பவோ மன்னிச்சுட்டேன், கிளெண்டா. நீங்களும் உங்களை மன்னிச்சுடுங்க. திங்கக்கிழமை பார்ப்போம்."

அவள் போனை வைத்தாள். கூடத்தில் கீத், புதிய அமைச்சர்கள் ஒவ்வொருவராகப் பிரதமர் வீட்டுக் கறுப்புக் கதவுக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு போன்ல?"

"பெல்லமி. என்னை மன்னிச்சுட்டாராம்."

கீத் தொலைக்காட்சியை அணைத்தார்.

"நீ என்ன சொன்னே?"

கிளெண்டா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். மறுபடி மறுபடி துடைத்தாள்.

"நன்றின்னு சொல்லிட்டேன், கீத். வாய் தானாச் சொல்லிடுச்சு."