அஸ்மியாவுக்குக் கிடைத்த வேலை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான வேறு காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. என்னோடு திருகோணமலையில் ஓவிய வகுப்புக்கு வந்த அஸ்மியாவுக்கு, கொழும்பு அனிமேஷன் நிறுவனம் ஒன்றில் ஸ்டோரிபோர்ட் வரையும் வேலை கிடைத்தது. அதே வேலைக்கு விண்ணப்பித்த எனக்குக் கிடைக்கவில்லை. அவளைவிட நான் நன்றாக வரைவேன். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவளும் சொல்வாள், அதுதான் இன்னும் எரிகிறது.

2

முதல் தொடக்கம்: 'குறிஞ்சாக்கேணியில், முதலாளியின் உறவுக்காரியான அஸ்மியா என்றொரு'

(விட்டுவிட்டேன். குறிஞ்சாக்கேணி அவள் ஊர்தான், ஆனால் அந்த நிறுவனத்தில் அவளுக்கு ஒரு உறவும் இல்லை.)

இரண்டாவது: 'மனிதத் தலையை முட்டை போல வரைகிற ஒருத்தி'

(இது உண்மை. ஆனால் அந்த வேலைக்கு முட்டையே போதும்.*)

* வேலை தேடுவோருக்கு: படம் அசையத் தொடங்குமுன் கதையைக் கட்டம் கட்டமாகக் கிறுக்கிக் காட்டுவதுதான் ஸ்டோரிபோர்ட். யார், எங்கே, எந்தப் பக்கம் போகிறார் என்பது பார்த்தவுடன் விளங்க வேண்டும். அழகை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். தொடங்குவதற்குப் பென்சிலும் கடதாசியும் போதும். பெரிய மனதும் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

3

அந்த வேலைக்கான தேர்வில் வரையச் சொன்ன காட்சி: அக்கா படகில் ஊரை விட்டுப் போகிறாள். தங்கை கரையில் நின்று கூப்பிடுகிறாள். அக்கா திரும்பி வரவில்லை.

நான் எங்கள் துறைமுகத்தையே வரைந்தேன். முதல் கட்டம் ஓர்ஸ் ஹில் மேட்டிலுள்ள எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்ப்பது போல. படகு வலப்பக்கம் போகிறது. அடுத்தது கடலிலிருந்து ஊரைப் பார்த்தபடி. படகு இடப்பக்கம் போகிறது. திசை துல்லியம், படகு போய்ச் சேரும் மறுகரை மூதூர் அங்கேதான் இருக்கிறது. அலைக்கு அலை நிழல் வேறு போட்டேன்.

அஸ்மியா பார்த்தாள். "சுலோஜனா அக்கா, இவ ஏன் திரும்பி வாறா?"

"எங்க வாறா? மூதூருக்குத்தானே போறா."

"அது எங்களுக்குத் தெரியும், பாக்கிற ஆளுக்குத் தெரியாதே. வலப்பக்கம் போனவ இடப்பக்கம் போனா, வாறா எண்டுதான் நினைப்பாங்க."

"உன்ர படத்தில ஓர்ஸ் ஹில் கடலுக்குள்ள நிக்குது. அதை முதல்ல பார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். திருத்தாமலே அனுப்பினேன்.

4

அஸ்மியாவை எப்படி முடிப்பது?

(அ) வேலை போய் அழுதுகொண்டு வருகிறாள். எழுதும்போது இனித்தது, வாசிக்கும்போது வெட்கமாக இருந்தது.

(ஆ) தலைக்கனம் பிடித்து, பழைய சிநேகிதியை மறந்து

இந்த இடத்தில் அவளே தொலைபேசியில் அழைத்துவிட்டாள்.

"அக்கா, இன்னொரு ஆள் எடுக்கிறாங்க. உங்களைப் பத்திச் சொல்லி வச்சனான். அந்தக் கட்டங்களைத் திருத்தி இண்டைக்கே அனுப்புங்க. ஆர் சொல்லி அனுப்புறீங்க எண்டு கேப்பாங்க. என்ர பேரைப் போடுங்க, அப்பதான் திறந்து பாப்பாங்க."

"ஓம்" என்றேன். மறந்து தொலைத்திருக்கக் கூடாதா, பாவி.

5

திருத்திவிட்டேன். இப்போது எல்லாக் கட்டத்திலும் படகு ஒரே பக்கம் போகிறது. அவள் சொன்னது சரி. அதுதான் தாங்க முடியவில்லை.

இந்த வேலை எனக்கு வேண்டும், மிகவும் வேண்டும். ஆனால் கிடைத்தால் சாகும்வரை அது அஸ்மியா எடுத்துக் கொடுத்த வேலை. பெயரைப் போடாவிட்டால் திறந்தே பார்க்கமாட்டார்கள்.

மின்னஞ்சலில் மற்றதெல்லாம் எழுதியாயிற்று.

என்னைப் பரிந்துரைத்தவர்:

இதற்கு மேல் கதை என்னிடம் இல்லை. உங்களுக்கு அவள் மேல் ஒரு எரிச்சலும் இல்லைத்தானே? நான்கே எழுத்து. வந்து நீங்களே போட்டுவிடுங்கள், என் விரல் ஏலாது என்கிறது.