நம்மாளு இந்த வாரம் என்ன பண்ணார்?

வார இதழின் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம் அவளுடையது. பார்த்த படம், கடை ஜன்னலில் கண்ட சட்டை, பஸ்ஸில் காதில் விழுந்த சண்டை, புதுச் செருப்பு கடித்த கதை என்று கையில் கிடைத்ததை எழுதுவாள். எதையும் ஆராய்ந்து எழுதியதில்லை, அதுதான் அந்தப் பக்கத்தின் ருசி. ஆனால் பக்கத்தைப் புரட்டியதும் வாசகர்கள் தேடியது அவளை அல்ல, அவள் கணவரை. 'நம்மாளு' என்று அவரைக் குறிப்பிடுவாள். பிறகு தெருவில் உள்ளவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நம்மாளு தியேட்டர் இருட்டில் படி தடுக்கி, யாரோ ஒரு அம்மாளின் மடியில் பாப்கார்ன் சகிதம் போய் உட்கார்ந்தார். நம்மாளு ஒரு காலில் கறுப்பும் மறு காலில் கருநீலமுமாகச் சாக்ஸ் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்து, மாட்டிக்கொண்டதும் "இதாங்க இப்ப ஸ்டைல்" என்று சமாளித்தார். துப்பறியும் படமொன்றில் கொலைகாரன் திரையின் ஓரமாகவே கத்தியோடு நடமாட, தியேட்டரே பதறிக்கொண்டிருக்க, இடைவேளையில் நம்மாளு நிதானமாக, "கத்தி வச்சிருந்தானா? எவன்?" என்று கேட்டார்.

இதெல்லாம் பொய்யில்லை. அவளுக்கு இட்டுக்கட்டத் தெரியாது. வீட்டில் நடப்பதைப் பார்ப்பாள், எழுதுவாள். கண் கொத்திப் பாம்பு மாதிரி பார்ப்பாள் என்று அவள் நாத்தனாரே சொல்லியிருக்கிறாள், அதில் பாராட்டு எவ்வளவு என்பது வேறு விஷயம்.

அவர் ஒரு பெயிண்ட் கடையில் வண்ணம் கலந்து கொடுக்கிறவர். வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து நீட்டினால், அதே நிறத்தை டப்பாவில் இறக்கிக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு தடவை படுக்கையறைக்கு இளநீலம் கேட்டவருக்குப் பச்சையடித்த ஏதோ ஒன்றைக் கலந்து கொடுத்துவிட்டார். சுவர் முழுக்கப் பூசிய பிறகுதான் அந்த மனிதருக்கு உறைத்திருக்கிறது. கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனார். மறுபடியும் அதே மாதிரி ஒன்று நடந்ததும், முதலாளி அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாமல் அவரைப் பின்பக்கக் கிடங்குக்கு மாற்றினார். டப்பா அடுக்குகிற வேலை.

அதையும் எழுதினாள். 'நம்மாளு கலந்த வானம்' என்று தலைப்பு. அவள் எழுதியதிலேயே அதற்குத்தான் கடிதங்கள் குவிந்தன. அவரும் படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்த மாதிரிதான் இருந்தது. அடுத்த வாரத்துக்கு என்ன எழுதுவது என்ற யோசனையில் அவள் அதை உற்றுப் பார்க்கவில்லை.

இதழ் வந்ததும் பக்கத்தைத் திறக்கும் முன்பே அவர் கேட்பார். "இந்த வாரம் நான் என்ன பண்ணேன்?"

அவளுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றியதுதான் வினை. எந்த முகத்துக்கு எது எடுக்கும் என்று பார்க்க ஒரு முகம் வேண்டுமே. கணவரைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வட்டம், சதுரம், ஆமையோட்டு நிறம் என்று மாட்டி மாட்டிப் பார்த்து, "வாத்தியார் மாதிரி இருக்கீங்க", "வட்டிக்கடைக்காரர் மாதிரி இருக்கீங்க" என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தாள். வந்ததற்குப் பவரையும் பார்த்துவிடலாம் என்று கடைக்காரர் அவரை உள்ளே உட்காரவைத்தார். வெளியே வந்தபோது கடைக்காரர் முகத்தில் வியாபாரக் களை இல்லை. "கண்ணாடி அப்புறம் வாங்கிக்கலாம் மேடம். முதல்ல டாக்டரப் பாருங்க" என்றார்.

கண் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். அவரை ஒரு இயந்திரத்தின் முன் உட்காரவைத்து, சோதித்துவிட்டு, அது அச்சிட்டுத் தந்த, கறுப்புப் புள்ளிகள் நிறைந்த காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். பேச்சுவாக்கில் மனைவி என்ன செய்கிறாள் என்று விசாரித்த டாக்டர், பதிலைக் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அந்தப் பக்கம் நீங்கதான் எழுதறீங்களா? அப்ப இவரு நம்மாளா? ஐயோ, அந்த சாக்ஸ்! எங்க வீட்டுல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

சிரித்துக்கொண்டேதான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"தியேட்டர் படியில விழுந்தாரே," என்றாள் மெதுவாக. "அது எப்ப நடந்தது?"

"அது ஆச்சே, ரொம்ப நாள்."

"அந்தப் பெயிண்ட்டு?"

"அதுக்கு அப்புறம்."

டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வந்திருக்கிறது. நேராகப் பார்த்தால் தெரியும், ஓரம் தெரியாது. சில நிறங்களும் பிடிபடாமல் போயிருக்கும். "போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம், சொட்டு மருந்த விடாம போடணும். இது வர்றது ஆளுக்கே தெரியாதுங்க. கூட இருக்கறவங்கதான் கவனிக்கணும்."

டாக்டர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள். ஆனால் கேட்டவளுக்குத் தன் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன. அவள் கவனிக்காமலா இருந்தாள்? ஒன்று விடாமல் கவனித்திருக்கிறாள். தலைப்பு வைத்துக் கவனித்திருக்கிறாள்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவரை உட்காரவைத்தாள். பாதி வழி தாண்டியதும் கேட்டாள்.

"ஏங்க, சரியா தெரியலன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "கண்ணுன்னு தோணவே இல்லம்மா. நீ எழுதறதப் படிச்சுப் படிச்சு, நான் அப்படியாப்பட்ட ஆளுன்னு நெனச்சுட்டேன்."

குரலில் கோபமில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். இப்போது முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு எதிர் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் இதழிலிருந்து உதவி ஆசிரியர் போன் பண்ணினார். "பக்கம் இன்னும் வரலையே மேடம். நம்மாளு என்ன பண்றார்? வாசகர்கள் காத்துக்கிட்டிருக்காங்க!" அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தாள்.

கணினியின் முன் உட்கார்ந்தாள். ஃபிரேம்களைப் பற்றி நாலு வரி அடித்தாள், அழித்தாள். போன வாரம் பார்த்த படத்தைப் பற்றித் தொடங்கினாள். அந்தப் படத்தில் எவ்வளவு அவர் கண்ணில் பட்டிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் கை நின்றது.

மருந்து நேரம். எழுந்து போனாள். அவர் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் காட்டினார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது உள்ளே போனது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். மேஜை ஓரத்தில் இருந்த காப்பியை எடுத்து அவருக்கு நேர் எதிரே வைத்தாள். இதற்கு முன் எத்தனை தம்ளர்களை அவர் தட்டிவிட்டிருப்பார், அதற்கெல்லாம் அவள் என்னென்ன எழுதியிருப்பாள் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

"டைப் அடிக்கற சத்தம் நின்னுடுச்சே, முடிச்சுட்டியா?" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இந்த வாரம் நான் என்ன பண்ணேன்?"

அவள் அவர் கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்தாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணலங்க."

அவர் முகத்தில் நிஜமாகவே கவலை வந்தது. "ஐயையோ," என்றார். "அப்ப பக்கத்துக்கு என்ன பண்ணுவ?"