ரேடியோ வாயை மூடிய ஞாயிறு

பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை வீட்டிலும் பள்ளியிலும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் பல் துலக்கும்போதே ஒலிபரப்பு தொடங்கிவிடும். வாயில் நுரை இருக்கிறதே என்று பார்க்க மாட்டாள். பேருந்து ஓட்டுநரான அம்மா சீருடையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்குவதற்குள், முந்தைய நாள் வகுப்பில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், யார் யாருடைய பேனாவைத் திருப்பித் தரவில்லை என்பதெல்லாம் அவர் காதில் ஏறியிருக்கும்.

அந்த வருடம் அவளுக்கு ஒரு யோகம் அடித்தது. வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் ஒரு வருடம் படிக்க இடம் கிடைத்தது. அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிக்கொள்ளலாம். செலவில் பாதியை ஓர் அறக்கட்டளை தரும், மீதியை மாணவியே திரட்ட வேண்டும், அப்பா அம்மாவிடம் மொத்தமாக வாங்கிக் கட்டக்கூடாது என்பது நிபந்தனை.

ரேடியோ முதலில் கார் கழுவப் போனாள். கார்க்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவர் செய்த தப்பு. அவள் பேச்சில் மாட்டிக்கொண்டு முழித்தவர், பாதியிலேயே அவசர வேலை இருக்கிறது என்று சொல்லி, சோப்பு நுரை வழிய வழிய வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டார். அடுத்து ஒரு சின்னப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மாதம் கழித்துப் பையனுக்கு அவள் வகுப்பில் நடந்த சண்டைகள் எல்லாம் தேதிவாரியாகத் தெரிந்தன. பெருக்கல் மட்டும் வரவில்லை.

மனம் நொந்துபோய்த் தெருமுனை பேக்கரிக்குப் போய் இதையெல்லாம் விலாவாரியாக எடுத்துவிட்டாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. பேக்கரிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"அம்மா தாயே, ஒரு நாள் முழுக்க நீ வாயை மூடிட்டு இருந்தேன்னா நானே காசு தரேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், நானும் தருகிறேன் என்றார். ரேடியோ சிரிக்கவில்லை. வாங்கிய ரொட்டியைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

இப்படித்தான் அந்த ஏற்பாடு பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரத்திலிருந்து தெருவிளக்கு எரியும் வரை ரேடியோ ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் தாக்குப்பிடிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று நன்கொடை. எழுதிக்காட்டக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது, தலையை மட்டும் ஆட்டலாம் என்று வகுப்பாசிரியை விதிகளை வகுத்துக் கொடுத்தார். அவரே நன்கொடைப் பட்டியலில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு, ஆசிரியர் அறைக்குள் ஓடிப்போய் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

நன்கொடை கேட்டுப் போன இடத்தில்தான் அவளுக்கு முகம் தொங்கிப்போனது. மற்ற நாட்களில் அவள் தலையைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர்கள் எல்லாம் வாசல் வரை வந்து வரவேற்றார்கள். அவர்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில் இருந்த பல் மருத்துவர், இதை இரண்டு நாளாக நீட்டிக்க முடியுமா என்று ஆர்வமாக விசாரித்தார். எல்லோரையும்விடப் பெரிய தொகை போட்டது அம்மா.

"நீ கூடவாம்மா?"

"படிப்புக்காகத்தான்டி" என்றார் அம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை எல்லோர் கண்ணிலும் படும்படி அப்பாவின் கண்ணாடிக்கடையில் உட்காரவைத்தார்கள். குடியிருப்பின் கீழ்த்தளத்தில்தான் கடை. முன்பக்கம் மூக்குக்கண்ணாடி பிரேம்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி, பின்பக்கம் லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரம். அது ஓடத் தொடங்கினால் அப்பாவுக்குப் பூகம்பமே வந்தாலும் கேட்காது. ரேடியோ வாடிக்கையாளர் நாற்காலியில், 'இன்று பேச மாட்டேன்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஊதிய பலூன் மாதிரி உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியது நிமிடத்துக்கு நிமிடம் உள்ளே சேர்ந்துகொண்டே போனது.

முதலில் பேக்கரிக்காரர் வந்தார், போட்ட காசுக்குச் சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க. எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்தார். அவளும் கண்கொட்டாமல் பார்த்தாள். குறுக்கே பேசாமல் இப்படி முகம் பார்த்துக் கேட்கிற ஓர் ஆள் அவருக்கு வாழ்க்கையிலேயே கிடைத்ததில்லை போலிருக்கிறது. வியாபாரம் சுமார் என்று தொடங்கினார். முட்டி வலி என்றார். பிறகு வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த சாக்லேட் கேக் இருக்கில்ல, தெருவே தூக்கி வெச்சுக் கொண்டாடுதே... அதை நான் செய்யறதில்ல. பெரிய கடைல வாங்கி, மேல கொஞ்சம் க்ரீம் தடவி வெக்கறேன். ஆறு வருஷமா மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு."

சொல்லி முடித்ததும் மூட்டையை இறக்கிவைத்தவர் போல நடை துள்ள வெளியே போனார். ரேடியோவின் கண்கள் தெறித்து விழாத குறை.

அடுத்து வந்தவர் பல் மருத்துவர். ஒரு மாதமாக அவருக்குக் கடைவாய்ப் பல் வலியாம். இன்னொரு மருத்துவரிடம் போய் வாயைத் திறக்கப் பயமாம். ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றுமாம், அடுத்தவருக்குப் போடும்போதுகூட ஒரு கண்ணை மூடிக்கொள்வாராம். போன மாதம் அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட ரேடியோ கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு மூன்றாம் மாடி ஆன்ட்டி. இவர் சொன்னதைப் புரிந்துகொள்ள ஒரு பூனையைப் பற்றித் தெரிய வேண்டும். இரண்டாம் மாடியில் குடியிருந்த ஆடிட்டர் வீட்டுப் பூனை அது, பெயர் மேனேஜர். மூன்று வாரமாகக் காணவில்லை. தெரு முழுக்க அதன் படம் ஒட்டியிருந்தது. ஒட்டும்போது பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் இந்த ஆன்ட்டி.

"மேனேஜர் என் வீட்டுலதான் இருக்கும்மா. அதுவாத்தான் வந்துச்சு. திருப்பிக் குடுத்துடணும்னு தினமும் நெனைக்கறேன், அது மடில ஏறிப் படுத்துக்குது. அந்த மனுஷன் மூஞ்சியப் பாக்கவே முடியல" என்று மூக்கை உறிஞ்சினார்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறிய கையோடு ஆடிட்டர் நுழைந்தார். கழன்றுபோன திருகு ஒன்றை மாட்ட வந்தவர், இயந்திரச் சத்தத்தைக் கேட்டு, காத்திருக்கிறேன் என்று அவள் எதிரே உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் அட்டையைப் பார்த்தார். அப்புறம் அவருக்கும் மனசு இளகிவிட்டது.

"மேனேஜர் காணாமப் போகலம்மா. நான்தான் ஜன்னலைத் திறந்து விட்டேன். விடியறதுக்கு முன்னாடி நெஞ்சு மேல ஏறி உக்காந்து மூக்கைக் கடிக்கும். வீட்டுல தெரிஞ்சா என்னைத் துரத்திடுவாங்க, அதான் போஸ்டர் ஒட்டினேன். எங்கயோ பட்டினி கிடக்குதோன்னு இப்ப தூக்கமே வரல."

ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் இரண்டு மாடிகளுக்கும் நிம்மதி. ரேடியோவுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். அதுவும் போதாமல், கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து வந்த அப்பா, பெண் முகம் சிவந்து துணியைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பல்வலி என்று முடிவுகட்டி, பல் மருத்துவரைக் கூப்பிட ஓடினார். பல்வலி என்ற வார்த்தையைக் கேட்டதும் மருத்துவர் துள்ளி எழுந்தார். தன் கதை வெளியே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஒரு செருப்பும் ஒரு ஷூவுமாக இறங்கி வந்தார். அவள் வாயைத் திறந்து காட்டினாள். பற்கள் எல்லாம் ஜோராக இருந்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வந்த வேகத்தில் திரும்பினார்.

சாயங்காலம் கூட்டம் குறைந்தது. அப்பா அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி, காதில் மாட்டும் காம்பு தளர்ந்திருப்பதாகச் சொல்லிச் சரிசெய்யத் தொடங்கினார். அது தளரவே இல்லை. வெகுநேரம் திருகிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"எல்லாரும் காசு சேரணும்னு சொல்றாங்க. நான் மட்டும் கொஞ்சம் குறையட்டும்னு நெனைச்சுக்கிட்டிருக்கேன். நீ போயிட்டா வீடு எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மத்தியானம் மெஷினை நிறுத்திட்டுப் பாத்தேன். சத்தமே இல்ல. திரும்ப ஓட விட்டுட்டேன்."

கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அப்பா மங்கலாகத்தான் தெரிந்தார். தலையை ஆட்டலாம் என்று விதி சொன்னது. எந்தப் பக்கம் ஆட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தெருவிளக்கு எரிந்தபோது கடை வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. மனசைத் திறந்து கொட்டியவர்கள் எல்லாம் முன்வரிசையில், அசடு வழிய நின்றார்கள். காலையில் இறக்கிவைத்த மூட்டை யார் தலையில் இருக்கிறது என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்திருந்தது. ஒரு நாள் முழுக்க அடைத்துவைத்த அணை இப்போது உடையப்போகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்றாள் ரேடியோ. வாயை மூடிக்கொண்டாள்.

அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அதுதான் அவர்களை இன்னும் கதிகலங்க வைத்தது.

மறுநாள் காலை பேக்கரிக்காரர் பணத்தோடு வந்து, முந்தின நாள் கூட்டிப் பார்த்ததில் கொஞ்சம் விட்டுப்போய்விட்டது என்றார். கொஞ்ச நேரத்தில் பல் மருத்துவருக்கும் கூட்டலில் பிழை வந்தது. ஆடிட்டருக்கே கூட்டலில் பிழை வந்தபோதுதான் ரேடியோவுக்கு விஷயம் விளங்கியது. பதறிப்போய் பேக்கரிக்கு ஓடினாள். யாரிடமும் சொல்ல மாட்டேன், பணம் வேண்டாம் என்று நீட்டினாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. காசை வேண்டாம் என்கிறாள் என்றால் சொல்லத்தான் போகிறாள் என்று கணக்குப்போட்டு, இரண்டு மடங்காகக் கொடுத்தார். அவர் நிம்மதியாகத் தூங்க வேறு வழியில்லை என்று புரிந்ததும், சரி என்று வாங்கிக்கொண்டாள்.

பூனை விவகாரத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. படிக்கட்டில் ஆடிட்டரை மடக்கி, "போஸ்டரையெல்லாம் கிழிச்சிடுங்க அங்கிள். மேனேஜர் கொழுகொழுன்னு இருக்கு" என்றாள். எங்கே என்று மட்டும் சொல்லிவிடாதே என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே போய் ஆன்ட்டியிடம், பூனையை இனி யாரும் தேட மாட்டார்கள் என்று சொன்னாள். ஆன்ட்டியின் மடியில் படுத்திருந்த மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

இதில் பாடாய்ப் பட்டது அம்மாதான். ஊர்க்கதை முழுக்க ஓசியில் கேட்டுப் பழகிய காது அது. யார் என்ன சொன்னார்கள் என்று கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். கடைசியில், பேசாமல் இருக்கக் கொடுத்ததைவிட அதிகமாகப் பேசத் தருகிறேன் என்றுகூடப் பேரம் பேசினார். ரேடியோ மசியவில்லை. ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பதில் இத்தனை ருசி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அப்பாவிடம் மட்டும் ஒரு நாள், அவர் சட்டை மடித்துக்கொண்டிருந்தபோது, "ஒரு வருஷம்தான்ப்பா" என்றாள்.

"தெரியுமே. நான் எதுவும் சொல்லலியே" என்றார் அப்பா. அந்தச் சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

தேவைக்கு மேலேயே சேர்ந்துவிட்டது. கிளம்பும் நாளில் அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆனால் அவர் ஓட்டுகிற தடம் விமான நிலையம் வழியாகப் போகிறது. அப்பா பெட்டியோடு பின்னால் உட்கார, ரேடியோ ஓட்டுநரை ஒட்டிய முதல் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று தலைக்கு மேல் எழுதியிருந்தது. போகப்போகும் பள்ளி, தங்கப்போகும் வீடு, அந்த வீட்டு நாய், பக்கத்து இருக்கையில் யார் உட்காரப்போகிறார்கள் என்று அவள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். ஒரு பயணி எழுந்து வந்து அந்த எழுத்தைச் சுட்டிக்காட்டினார்.

"அவ பேசட்டுங்க" என்றார் அம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் கேட்டுக்கொண்டே ஓட்டியதில் ஒரு நிறுத்தம் தவறிவிட்டது. பின்னால் நான்கைந்து பேர் கூச்சல் போட்டார்கள். அம்மா வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்து, மன்னிக்கச் சொல்லி அவர்களை இறக்கிவிட்டார். கதவை மூடிவிட்டு, "ம், அந்த நாய் கடிக்குமா?" என்று கேட்டார்.